எடை குறைக்க பேதி மருந்தா?

சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஒரு தாய் தன் 15 வயது மகனை அழைத்து வந்தார். பையன் பள்ளிக்கூட குத்துச்சண்டை அணியில் இருக்கிறான்.

"ஐயா, இவன் 50 கிலோ இருக்கான். 48 கிலோ பிரிவுல நிக்கணுமாம். மூணு நாள்தான் இருக்கு, நல்ல பேதி மருந்தா குடுங்க" என்றார்.

பையனோ முதல் நாளே தண்ணீரைக் குறைத்துவிட்டான். உதடு காய்ந்திருந்தது. மருந்து தர மறுத்துவிட்டேன். ஏன் தெரியுமா?

மூன்று நாளில் கொழுப்பு கரையாது. குறைவது பெரும்பாலும் நீர்தான். நீர் வற்றினால் ரத்தத்தின் அளவு குறையும், இதயம் படபடவென்று அடிக்கும், வியர்வை அடங்கி உடல் சூடு உள்ளேயே தங்கும். சிறுநீரகமும் தவிக்கும். பித்தம் மீறியது என்று சித்த மருத்துவத்தில் சொல்வோம்.

ஆராய்ச்சி சொல்வது

நம் குமரி மாவட்ட ஆசான்கள் சிலர் அடிமுறையும் கற்றுத் தருவார்கள், வர்ம வைத்தியமும் பார்ப்பார்கள். சண்டை போடும் உடம்பைப் புரிந்துகொள்ளும் அந்த வேலையை இன்று உடற்பயிற்சி உடலியல் நிபுணர்கள் பல்கலைக்கழகங்களில் செய்கிறார்கள். அத்தகையவர்களில் ஒருவர் முன்பு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டிப்டன். பள்ளி மல்யுத்த மாணவர்களை ஆராய்ந்து 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரை பலரைத் திடுக்கிட வைத்தது. மாணவர்கள் சுமார் 5 சதவீத எடையைச் சில நாட்களில் இழந்திருந்தார்கள். வழி சொன்னவர்கள் பயிற்சியாளர்களும் சக மாணவர்களும்தான். மருத்துவர் கண்காணிப்பு இல்லை.

அந்த எச்சரிக்கை போதவில்லை. 1997-ல் இப்படி அவசரமாக எடை குறைத்த 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் அமெரிக்காவில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே ரப்பர் உடை, வெப்ப அறை இவற்றுக்கு அங்கே கல்லூரிப் போட்டிகளில் தடை வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் வினேஷ் போகட் இரவெல்லாம் பாடுபட்டும் 100 கிராம் கூடுதலால் இறுதிப் போட்டியை இழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

* வளரும் பிள்ளையை இருக்கிற எடைக்கேற்ற பிரிவிலேயே இறக்குங்கள்.
* பேதி மருந்து, பட்டினி, தண்ணீர் நிறுத்தம் மூன்றும் கூடாது.
* பயிற்சி நாட்களில் உப்பு போட்ட நீராகாரம், மோர், இளநீர் கொடுங்கள்.
* சிறுநீர் அடர் மஞ்சளாகி தலைசுற்றினால் விளையாட்டை நிறுத்துங்கள். மயக்கம், குழப்பம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

அந்த அம்மாவிடம் கேட்டேன்: "ஏரிக்குப் போறப்ப உங்க வீட்டுக்காரர் குடிதண்ணி இல்லாம படகு ஏறுவாரா?" சிரித்துவிட்டார்.

பையன் அடுத்த எடைப் பிரிவில் இறங்கினான், முதல் சுற்றிலேயே தோற்றான். "பரவால்ல ஐயா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான். அந்த அடுத்த வருஷம்தானே முக்கியம்!