தேர்ச்சி விகிதம் சொல்லாத கணக்கு

கிராமத்து அரசுப் பள்ளிகளின் உழைப்பை அளக்க மதிப்பெண் பட்டியல் மட்டும் போதுமா?

பெரும்பாலான ஆண்டுகளில் மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவோடு மாவட்டப் பட்டியலும் வந்துவிடுகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி, போன வருடத்தைவிட எத்தனை இடம் இறக்கம் என்று அன்று முழுக்கப் பேச்சு. கடைசியில் நிற்கும் மாவட்டத்தில் ஆய்வுக் கூட்டம் கூட்டப்படும். தலைமையாசிரியர்கள் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். மாநில அளவில் முதலிடம் பிடித்த மாணவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த விடுதலை பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

தேர்ச்சி விகிதம் தேவையில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை கதவுகளைத் திறக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால், ஒரு பாடத்துக்கு 35 மதிப்பெண் என்ற கோட்டைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. அவர்கள் எங்கிருந்து புறப்பட்டு வந்தார்கள் என்பது அதில் இல்லை.

இரண்டு கேள்விகள்

வெவ்வேறு பள்ளிகளில் படிக்கும் இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி ஆறாம் வகுப்பில் சேரும்போதே பாடப் புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் படித்தாள். பத்தாம் வகுப்பில் 60 வாங்கினாள். இன்னொருத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறியபடி வந்தாள். ஆசிரியர்கள் அவளைப் பிடித்து உட்கார வைத்து, வாசிக்கச் செய்து, கணக்குப் போடச் செய்து, 33 வரை கொண்டுவந்தார்கள். பட்டியலில் முதல் பள்ளி வெற்றி, இரண்டாவது பள்ளி தோல்வி. அதிகம் கற்பித்த பள்ளி எது என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாணவர் இன்று எங்கே நிற்கிறார் என்பது அடைவு. போன வருடத்திலிருந்து இந்த வருடத்துக்குள் எவ்வளவு முன்னேறினார் என்பது வளர்ச்சி. அங்கன்வாடியில் குழந்தையின் எடையை மாதாமாதம் அட்டையில் குறிக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். ஒரு மாத எடையைவிட அட்டையில் ஏறும் கோடுதான் அதிகம் பேசும். பள்ளிக்கூடத்தில் அந்தக் கோட்டை வரைய நாம் இன்னும் பழகவில்லை.

கொரோனாவுக்குப் பின் எடுத்த அளவு

வளர்ச்சியை அளந்தால் என்ன தெரியும் என்பதற்குத் தமிழகக் கிராமங்களிலேயே அருமையான சான்று இருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தொடக்க வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியலாளர்களிடம், கொரோனாவுக்கு முன்பு 2019-இல் எடுத்த கற்றல் அளவு இருந்தது. பள்ளி திறந்தபின், 2021 டிசம்பர் தொடங்கி, அதே கிராமங்களில் மறுபடி அளந்தார்கள். சுமார் 220 கிராமங்கள், ஏறத்தாழ 19,000 பிள்ளைகள்.

2019-இல் அதே வயதில் இருந்தவர்களைவிட இந்தப் பிள்ளைகள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள். புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று சொல்லும் அளவையில், கணக்கில் சுமார் 0.7, தமிழில் சுமார் 0.34. ஒரு தலைமுறையே வீணாகிவிட்டது என்று அத்தோடு முடிவுகட்டியிருக்கலாம். ஆனால், ஆய்வாளர்கள் 2022 மே வரை தொடர்ந்து அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகியிருந்தது. அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்குக்குக் காரணம், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, மாலை நேரத்தில் தங்கள் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்களின் உழைப்பு அது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரே ஒரு தடவை அளந்திருந்தால் அவர்கள் செய்த காரியம் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

அரும்பு, மொட்டு, மலர்

தொடக்க வகுப்புகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், வளர்ச்சியை அளக்கும் பார்வையை வகுப்பறைக்கே கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே எல்லாரும் மூன்றாம் வகுப்புப் பாடத்துக்குத் தயார் என்று அது கருதுவதில்லை. பிள்ளையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. அரும்பில் இருந்தவள் மொட்டுக்கு வந்தால் அது முன்னேற்றம். ஆசிரியர் அதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தைச் செயலியில் மதிப்பீட்டைப் பதிவேற்றும் வேலை விழுங்குகிறது என்பது ஆசிரியர்களின் நெடுநாள் புகார். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் பார்க்கும் பள்ளியில் இது நியாயமான புகார். அதே சமயம், சரியான அளவீட்டுக்கு அதிக நேரம் தேவையில்லை. 2005 முதல் கிராமங்களில் வீடு வீடாக நடக்கும் அசர் ஆய்வு, எழுத்து, சொல், பத்தி, கதை என்ற நான்கு படிகளில் ஒரு பிள்ளையின் வாசிப்பைச் சில நிமிடங்களில் கண்டுவிடுகிறது.

அளவுகோல் பொய் சொல்லும் இடங்கள்

அளவீட்டைத் தண்டனையோடு முடிச்சுப் போட்டால் எண்கள் வீங்கும். மத்தியப் பிரதேசத்தில் அரசுத் தேர்வு எழுதிய மாணவர்களையே தனியாக மறுபடி சோதித்தபோது, அரசுப் பதிவில் இருந்த மதிப்பெண்கள் உண்மையைவிட மிக அதிகம் என்று அபிஜித் சிங்கின் ஆய்வு காட்டியது.

சின்னப் பள்ளிகள் இன்னொரு சிக்கல். ஒரு வகுப்பில் பத்தே பேர் இருந்தால், ஒரு பிள்ளைக்கு வந்த காய்ச்சல்கூடப் பள்ளியின் சராசரியைப் புரட்டிப்போடும். அமெரிக்காவின் வட கரோலினாவில் தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் ஆகியோர் பார்த்தபோது, பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சிறு பள்ளிகளே அதிகம் இருந்தன. கற்பித்தலில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு வருடம் பாராட்டும் மறு வருடம் திட்டும் அவற்றுக்குக் கிடைத்துவிடும். கிராமப்புற மாவட்டங்களில் சிறு பள்ளிகளே அதிகம் என்பதால், ஒற்றை வருட எண்ணை வைத்து அவற்றை வரிசைப்படுத்துவது அநீதி. மூன்று வருடச் சராசரியாவது வேண்டும்.

செய்ய வேண்டியது

தமிழகத்தில் ஒவ்வொரு மாணவருக்கும், கல்வித்துறையின் தரவுத்தளமான எமிஸில் ஓர் எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் அது கூடவே போகிறது. வருடத் தொடக்கத்திலும் முடிவிலும், ஒப்பிடத்தக்க ஒரே அளவையில், வாசிப்பையும் கணக்கையும் எளிமையாகச் சோதித்து அந்த எண்ணோடு இணைத்தால் வளர்ச்சிக் கோடு கிடைத்துவிடும். முடிவு முதலில் வகுப்பாசிரியர் கைக்கு, அதே மாதத்தில் போக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம், “ஜூனில் சொல் மட்டும் படித்தாள், இப்போது கதை படிக்கிறாள்” என்று சொல்ல முடிய வேண்டும். எந்தத் தாய்க்கும் அது புரியும்.

வளர்ச்சியைப் பேசுவது, அடைவில் சமரசம் செய்துகொள்ளும் சாக்காகவும் ஆகிவிடக் கூடாது. கிராமத்துப் பிள்ளைக்குக் குறைந்த இலக்கு போதும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இலக்கு எல்லாருக்கும் ஒன்றுதான். பின்னாலிருந்து புறப்பட்டவருக்குக் கூடுதல் ஆசிரியர், கூடுதல் நேரம், கூடுதல் புத்தகம் தர வேண்டியது அரசின் கடமை. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை வளர்ச்சிக் கணக்கு சொல்லும். அடுத்த மே மாதம் மாவட்டப் பட்டியலை வெளியிடும்போது, தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கணக்கையும் கல்வித்துறை வெளியிடட்டும்.