கோல் போட ஆள் தேவை

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும், கேன்டீனில் புரளி கிளம்பிவிடும். “உங்கள் பெயர் லிஸ்டில் இருக்கிறதாமே, தன்பாத் என்கிறார்கள்” என்பார் ஒருவர். “இல்லை, அசன்சோல்” என்பார் இன்னொருவர். குழந்தைகளின் பள்ளிக்கூடம், வாடகை வீடு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவின் வைத்தியம் எல்லாம் கண்முன் வந்து போகும். எனக்கு மூத்த ஃபோர்மன் ஒருவர் ஒரே ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்: “ஆர்டர் கையில் வரும்வரை பெட்டியைக் கட்டாதே.”

2025-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் இந்தப் பாடத்தை என் பேரனுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அவன் லண்டனின் அர்செனல் கிளப்புக்குப் பரம ரசிகன். காலையில் பல் விளக்குமுன் “தாத்தா, நமக்கு ஸ்டிரைக்கர் வந்தாச்சு!” என்று குதிப்பான். சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது முகம் தொங்கியிருக்கும். “வரமாட்டாராம்.” மறுநாள் வேறொரு பெயர். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இதே காய்ச்சல் பிடித்த பிள்ளைகள் பலர் இருப்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தேடல்?

கால்பந்தில் ஸ்டிரைக்கர் என்பவர் அணியின் முன்முனையில் நின்று கோல் போடுவதையே முதல் வேலையாகக் கொண்டவர். அர்செனல் ஏன் அப்படி ஒருவரைத் தேடியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

2024-25 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் லிவர்பூல் முதலிடம், அர்செனல் இரண்டாமிடம். ஆளுக்கு 38 ஆட்டங்கள். இரண்டு அணிகளும் தோற்றது தலா நான்கே ஆட்டங்கள்தான். அர்செனல் வாங்கிய கோல்கள் 34. லிவர்பூல் வாங்கியது 41. ஆக, தடுப்பதில் அர்செனலே மேல். ஆனால் லிவர்பூல் 25 ஆட்டங்களில் வென்று 9-ஐ டிரா செய்தது. அர்செனல் வென்றது 20, டிரா 14. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கூட்டிப் பாருங்கள்: 84-க்கு 74. அந்தப் பத்துப் புள்ளி வித்தியாசம் எங்கே போயிற்று? ஐந்து டிராக்கள் வெற்றியாகியிருந்தால் புள்ளியில் சமம். ஐந்து ஆட்டங்களில் இன்னும் ஒரே ஒரு கோல்! லிவர்பூல் அந்தப் பருவத்தில் போட்டது 86 கோல், அர்செனல் 69.

போதாததற்கு 2025 ஜனவரியில் முன்கள வீரர் கேப்ரியல் ஜீசஸுக்கு முழங்காலில் பெரிய காயம். பிப்ரவரியில் கை ஹாவர்ட்ஸுக்குத் தொடைத் தசையில் காயம். அதற்குள் ஆள் வாங்கும் காலம் முடிந்துவிட்டது. நடுக்கள வீரரான மிக்கெல் மெரினோவை முன்னால் நிறுத்தினார்கள். அவரும் லெஸ்டர் அணிக்கு எதிராக இரண்டு கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றினார். ஆனால் பாயின்ட்ஸ்மேனை எத்தனை நாள் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியில் உட்கார வைப்பது?

பணம் எதற்குக் கொடுக்கிறார்கள்?

பேரன் கேட்ட முதல் கேள்வி இது: “ஆளை எப்படித் தாத்தா விலைக்கு வாங்க முடியும்?” நல்ல கேள்விதான். உண்மையில் விலை ஆளுக்கு அல்ல, காகிதத்துக்கு. ஒரு வீரர் கிளப்போடு இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டிருப்பார். அது முடியுமுன் அவர் வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால், மீதமிருக்கும் ஆண்டுகளை விட்டுக்கொடுப்பதற்காகப் பழைய கிளப்புக்குப் புதிய கிளப் கொடுக்கும் தொகைதான் டிரான்ஸ்ஃபர் கட்டணம். ஒப்பந்தத்தில் ஆண்டுகள் அதிகமிருந்தால் விலை ஏறும். ஒரே ஆண்டு மிச்சமென்றால் விலை இறங்கும். முடிந்தேபோனால் கட்டணமே இல்லை.

கடைசியில் சொன்னது அவ்வளவு எளிதில் வந்த உரிமையல்ல. பெல்ஜியத்தில் ழான்-மார்க் போஸ்மன் என்றொரு வீரர். லியெஜ் கிளப்போடு அவருக்கிருந்த ஒப்பந்தம் 1990-இல் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் கிளப் அவரை எடுத்துக்கொள்ளத் தயாராயிருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் கட்டணம் கேட்டது, போக முடியவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1995 டிசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கட்டணமின்றிப் போகலாம். வேலை தேடி ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அந்தத் தீர்ப்பின் அருமை சொல்லாமலே புரியும். ஆனால் ஐந்து வருடம் வழக்காடியதில் போஸ்மனின் ஆட்ட வாழ்க்கை கரைந்துபோயிற்று. பலன் முழுவதும் பின்னால் வந்தவர்களுக்கே.

அர்செனல் தேடிய நால்வர்

அந்தக் கோடையில் அடிபட்ட பெயர்களில் முக்கியமானவை நான்கு. ஆஸ்டன் வில்லாவின் ஆலி வாட்கின்ஸ் (ஜனவரியிலேயே கேட்டு, வில்லா மறுத்துவிட்டது), நியூகாஸிலின் அலெக்சாண்டர் இசாக், ஜெர்மனியின் லைப்ஸிக் கிளப்பில் இருந்த பெஞ்சமின் ஷெஷ்கோ, போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பில் ஆடிய ஸ்வீடன் நாட்டு விக்டர் யோக்கெரெஸ்.

யோக்கெரெஸின் கதை சுவையானது. 2018-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப்புக்கு வந்தவர். அங்கே இடம் கிடைக்காமல் ஜெர்மனிக்கும், பிறகு ஸ்வான்சீ, கவென்ட்ரி என்றும் இரவலாகச் சுற்றியவர். கவென்ட்ரியில்தான் காலூன்றினார். 2023-இல் ஸ்போர்ட்டிங் அவரைச் சுமார் 20 மில்லியன் யூரோவுக்கு வாங்கியது. இரண்டு பருவங்களில் 102 ஆட்டங்களில் 97 கோல்! விலை மும்மடங்குக்கு மேல் ஏறியதில் வியப்பில்லை.

அவர் ஒப்பந்தத்தில் 100 மில்லியன் யூரோ என்று ஒரு விடுவிப்புத் தொகை எழுதியிருந்தது. அந்தத் தொகையை யார் வைத்தாலும் கிளப் தடுக்க முடியாது. அதற்குக் கீழே என்றால் பேரம். அதைவிடக் குறைந்த தொகைக்கு விடுவதாக வாய்மொழி வாக்கு இருந்தது என்று வீரர் தரப்பிலிருந்து பேச்சு கிளம்பியது. அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை என்று கிளப் தலைவர் ஃபிரெடெரிகோ வராந்தாஸ் வெளிப்படையாகவே மறுத்தார். பருவத்துக்கு முந்தைய பயிற்சிக்கு வீரர் வரவில்லை. கடைசியில் 63.5 மில்லியன் யூரோவும், நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 10 மில்லியனும் என்று முடிந்தது. ஜூலை 26-இல் அர்செனல் அறிவித்தது. நம் பணத்தில் அடிப்படைத் தொகை மட்டுமே 600 கோடி ரூபாய்க்கு மேல்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வீரர் மாறும்போது, ஃபிஃபா விதிப்படி கட்டணத்தில் நூற்றுக்கு 5 பங்கு, அவர் 12 முதல் 23 வயதுவரை பயின்ற கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். யோக்கெரெஸ் சிறுவயதில் ஆடிய ஸ்டாக்ஹோமின் புரோமபொய்கார்னா போன்ற கிளப்புகளுக்கும் இப்படிப் பங்கு சேரும். பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு அவன் கலெக்டரானதும் ஒரு பங்கு போவது மாதிரி.

புரளியால் யாருக்கு லாபம்?

ஜூன் முழுவதும் வந்த செய்திகளில் பாதிக்கு மேல் நடக்கவே இல்லை. எல்லாம் பொய்யா என்றால், முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு புரளிக்குப் பின்னும் யாரோ ஒருவரின் தேவை இருக்கிறது. வீரருடைய ஏஜென்டுக்கு, ‘இன்னொரு கிளப்பும் கேட்கிறது’ என்று செய்தி வந்தால் சம்பளத்தை ஏற்றிக் கேட்க வசதி. விற்கும் கிளப்புக்கு விலையை ஏற்ற வசதி. வாங்கும் கிளப்புக்கோ, ‘எங்களுக்கு வேறு ஆளும் இருக்கிறார்’ என்று காட்டிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். ஷெஷ்கோவா, யோக்கெரெஸா என்று வாரக்கணக்கில் செய்தி வந்ததே, அதில் அர்செனலுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பத்திரிகைகளுக்கு ஆட்டமில்லாத மாதங்களில் பக்கம் நிரம்ப வேண்டும். மீன் கடையில் “அந்த அம்மா இந்த விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார்” என்று சொல்வதில்லையா, அதே வித்தைதான்.

இன்னொன்று, இது சிங்கிள் லைன் பாதை. முன்னால் போகும் வண்டி நகர்ந்தால்தான் பின்வண்டிக்கு வழி. ஷெஷ்கோ ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். இசாக்கை விடமாட்டோம் என்று நின்ற நியூகாஸில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிளப்பிலிருந்து நிக் வோல்டமாடேயை வாங்கியது. அதன் பிறகே, ஆள் வாங்கும் காலம் முடியும் செப்டம்பர் 1 அன்று, 125 மில்லியன் பவுண்டுக்கு இசாக் லிவர்பூல் போய்ச் சேர்ந்தார். பிரிட்டனில் அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஒரு ஸ்டிரைக்கருக்காக மூன்று ஊர்களில் தேடல்!

நம் மைதானத்திலும்

கொல்கத்தாவில் வாழும் நமக்கு இது புதிதல்ல. ‘தல் பதல்’ என்று வங்காளிகள் சொல்லும் கட்சி மாறும் பருவத்தில், எதிரணிக்காரர்கள் கண்ணில் படாமல் வீரர்களை ஒளித்து வைத்து, கையெழுத்துப் போடும் நாளில் கூட்டமாக அழைத்துவந்த கதைகளைப் பழைய அண்டை வீட்டுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். வெளிநாட்டு வீரர்களையே சேர்க்காதிருந்த மோகன் பகான், 1991-இல் ஈஸ்ட் பெங்காலின் கோல் மன்னன் சீமா ஒகோரியை இழுத்து வந்தபோது ஊரே இரண்டுபட்டது.

மாறாதவரும் உண்டு. பி.கே. பானர்ஜி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைவர். ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே ஆடினார். மோகன் பகானுக்கோ ஈஸ்ட் பெங்காலுக்கோ ஒருநாளும் ஆடவில்லை. அவர் ஆடிய 1958-இல் ஈஸ்டர்ன் ரயில்வே கல்கத்தா லீக்கை வென்றது. மூன்று பெரிய கிளப்புகளைத் தாண்டி இன்னொரு அணி அதை வெல்ல 2019-இல் பியர்லெஸ் வரவேண்டியிருந்தது. ரயில்வேக்காரன் என்பதால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, பொறுத்துக்கொள்ளவும்.

நம் வீட்டுக் கதவைத் தட்டும்போது

இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை நான் மறக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த தமிழ் நண்பர் ஒருவரின் மகன் நன்றாகக் கால்பந்து ஆடுவான். பதினாறு வயது. ஒருவர் வந்தார். வெளிநாட்டு கிளப் ஒன்று பையனைப் பார்க்க விரும்புகிறது, ஒப்பந்தம் தயார், விசாவுக்கும் ‘டிரயலு’க்கும் நாற்பதாயிரம் கட்ட வேண்டும் என்றார். நண்பர் பி.எஃப். கடன் வாங்கிக் கட்டினார். அந்த ஆள் அதன் பிறகு வரவில்லை. பணம் போனதைவிட, பையன் அந்த வருடம் பரீட்சை எழுதாமல் ஒவ்வொரு நாளும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றதுதான் வேதனை. பின்னர் அவன் பந்தைத் தொடவே இல்லை.

அன்று எங்களுக்கு விவரம் தெரியவில்லை. இன்று தெரிந்ததைச் சொல்கிறேன். ஃபிஃபா விதிப்படி, சில விலக்குகள் தவிர, 18 வயது நிரம்பாத வீரரை நாடு விட்டு நாடு மாற்ற முடியாது. ஏஜென்ட் என்று சொல்பவரிடம் ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கட்டுரையில் சொன்ன டிரான்ஸ்ஃபர்களை மறுபடி பாருங்கள். பணம் கிளப்பிடமிருந்து கிளப்புக்கும், கிளப்பிடமிருந்து வீரருக்கும் போகிறது. வீரர் வீட்டிலிருந்து யாருக்கும் போகவில்லை. உங்கள் பிள்ளைக்கு ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால், காபி கொடுத்து வாசல்வரை வழியனுப்பிவிடுங்கள்.

ஜூலை 26 இரவு பேரன் என்னை எழுப்பினான். “தாத்தா, கிளப்பே அறிவிச்சாச்சு. 14-ஆம் நம்பர் சட்டை!” அது முன்னாளில் தியெரி ஆன்ரி போட்டிருந்த எண்ணாம். “ஆர்டர் கையில் வந்துவிட்டதா?” என்று கேட்டேன். “வந்தாச்சு” என்றான். “அப்படியானால் இப்போது குதி” என்றேன்.