இயங்குதள மேம்பாட்டுக்குப் பின் வன்தட்டின் எழுதுவேகக் குறைவு: அரசு வழங்கிய மடிக்கணினிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின் கோப்புகள் வன்தட்டில் பதிவாவதில் தாமதம் ஏற்படுவதைப் பயனர் பலர் உணர்கின்றனர். இத்தாமதம் இருவகைப்படும். ஒன்று, அமைப்புக் குறையால் விளைவது. மற்றொன்று, பழைய இயங்குதளம் செய்யாது விட்ட பாதுகாப்புப் பணியைப் புதியது செய்வதால் விளைவது. முதல்வகை களையப்பட வேண்டியது. இரண்டாம்வகை காக்கப்பட வேண்டியது. இவ்விரண்டையும் பிரித்தறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், வன்தட்டு, இடைநினைவகம், கோப்பு முறைமை, எக்ஸ்ட்4, தருமபுரி

1. முன்னுரை

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகள் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களைச் சென்றடைந்தன. தொடக்கக் காலக் கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்துடன், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. சுழலும் வன்தட்டே இவற்றின் சேமிப்புக் கருவி.

விண்டோஸ் 10, 2015 ஜூலை 29 அன்று வெளிவந்தது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவுற்றது. எனவே பழைய வன்பொருளின்மீது புதிய இயங்குதளத்தை நிறுவும் தேவை எழுந்தது. வன்பொருள் மாறாத நிலையில் எழுதுவேகம் ஏன் குறைகிறது என்பதே இங்கு எழும் வினா.

2. எழுதுதல் என்னும் செயலின் படிநிலைகள்

பயனர் 'சேமி' என்று கட்டளையிட்டவுடன் தரவு வன்தட்டின் காந்தப் பரப்பை அடைந்துவிடுவதில்லை. முதலில் அது கணினியின் முதன்மை நினைவகத்தில் இயங்குதளம் ஒதுக்கிய இடைநினைவகத்தில் தங்குகிறது. பின்னர் வன்தட்டுக்குள்ளேயே அமைந்த சிறு இடைநினைவகத்துக்குச் செல்கிறது. இறுதியாகவே காந்தப் பரப்பில் பதிகிறது. முதலிரு நிலைகளில் உள்ள தரவு மின்சாரம் நின்றால் அழிந்துவிடும்.

'எழுதி முடிந்தது' என்னும் அறிவிப்பை எந்த நிலையில் தருவது என்பதை இயங்குதளமே முடிவு செய்கிறது. முதல் நிலையிலேயே அறிவித்தால் வேகம் மிகுதியாகத் தோன்றும்; மூன்றாம் நிலைவரை காத்திருந்தால் குறைவாகத் தோன்றும். ஒரே வன்தட்டு இரு இயங்குதளங்களில் இருவேறு வேகங்களைக் காட்டுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். பதிவு பரப்பை அடைந்ததை உறுதிசெய்ய விரும்பும் மென்பொருள், லினக்ஸில் எஃப்சிங்க் என்னும் அழைப்பைப் பயன்படுத்துகிறது.

3. சுழற்சி விதிக்கும் எல்லை

மடிக்கணினி வன்தட்டுகளுள் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. அதாவது நொடிக்கு 90 சுழற்சிகள். ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 11.1 மில்லிநொடி. அடுத்தடுத்து வரும் பதிவு ஒவ்வொன்றும் பரப்பை அடையும்வரை காத்திருக்க வேண்டுமெனில், நொடிக்குச் சற்றேறக்குறைய 90 பதிவுகளுக்குமேல் இயலாது. ஒரு பதிவுக்கு இரண்டு அல்லது மூன்று உறுதிப்பாடுகள் தேவைப்படும்போது இவ்வெண்ணிக்கை மேலும் சுருங்கும். இவ்வகைக் கணினியில் உறுதியான சிறு பதிவுகள் நொடிக்குப் பல நூறு என நிகழ்வதாகத் தோன்றினால், அவை பரப்பை அடையவில்லை என்றே கொள்ளவேண்டும்.

4. பாதுகாப்பால் விளையும் தாமதம்

லினக்ஸ் கருவகத்தின் 2.6.28 பதிப்பில், 2008 டிசம்பரில், எக்ஸ்ட்4 கோப்பு முறைமை நிலைபெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய எக்ஸ்ட்3, பேரியர் எனப்படும் தடுப்பைப் பொதுக் கருவகத்தில் இயல்பாக இயக்கவில்லை. முந்தைய பதிவுகள் பரப்பை அடையும்வரை அடுத்தவற்றை நிறுத்திவைப்பதே இத்தடுப்பின் பணி. எக்ஸ்ட்4 இதனை இயல்பாகவே இயக்கியது. அதனால் எக்ஸ்ட்3-இலிருந்து எக்ஸ்ட்4-க்கு மாறிய தரவுத்தளங்களில் எழுதுவேகம் குறைந்தது. வன்தட்டு மெதுவாகிவிடவில்லை, முன்பு மறைந்திருந்த இடர் நீங்கியது.

டெபியனின் மென்பொருள் நிறுவியான டிபிகேஜியிலும் இத்தகைய மாற்றம் 2010-இல் நிகழ்ந்தது. எக்ஸ்ட்4 தரவை எழுதுவதைத் தள்ளிப்போடும் இயல்புடையது. ஆதலால் கணினி திடீரென நின்றால் வெற்றுக் கோப்புகள் எஞ்சும் இடர் இருந்தது. அதனைத் தவிர்க்கக் கோப்புதோறும் எஃப்சிங்க் அழைப்பு சேர்க்கப்பட்டது. மென்பொருள் நிறுவும் நேரம் கூடியது. நிறுவலின் நம்பகமும் கூடியது.

விண்டோஸிலும் இதற்கு இணையான சான்று உண்டு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, வெளியிணைப்புச் சேமிப்புக் கருவிகளுக்கான இயல்பமைப்பைச் 'சிறந்த செயல்திறன்' என்பதிலிருந்து 'விரைந்து அகற்றல்' என மாற்றியது. பென் டிரைவ் போன்றவற்றில் எழுதும் வேகம் குறைந்து தோன்றலாம். ஆயினும் உரிய முறையில் விடுவிக்காமல் பிடுங்கும் வழக்கமுள்ள இடங்களில் கோப்புகள் சிதையும் வாய்ப்பு குறைகிறது.

5. அமைப்புக் குறையால் விளையும் தாமதம்

இவ்வகைத் தாமதத்துக்கு நான்கு காரணங்கள் முதன்மையானவை.

முதலாவது, பகிர்வின் தொடக்கப் பிழை. பழைய வன்தட்டுகளின் செக்டார் 512 பைட் அளவினது. 2011 முதல் வந்த புதிய வடிவமைப்புகளில் உள்ளளவு 4,096 பைட்டாக உயர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வழக்கப்படி பகிர்வு 63-ஆம் செக்டாரில் தொடங்கினால், அதன் இடம் 32,256-ஆம் பைட். இது 4,096-ஆல் மீதியின்றி வகுபடாது. ஆகவே சிறு பதிவு இரு பெருஞ்செக்டார்களின் எல்லையைக் கடக்க நேரிடும். அப்போது வன்தட்டு பழைய தரவைப் படித்து, திருத்தி, மீண்டும் எழுதவேண்டும். கூடுதல் சுழற்சி வீணாகும். விஸ்டா முதல் பின்பற்றப்படும் 1,048,576-ஆம் பைட் என்னும் தொடக்கம் சரியாக வகுபடும். இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தினால் பழைய பகிர்வின் தொடக்கம் மாறாது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, பின்னணிப் பணிகள். மேம்பாட்டுக்குப் பின் தேடல் அட்டவணை உருவாக்கம், நச்சுநிரல் சோதனை, இற்றைப்படுத்தல் ஆகியன ஒருங்கே நிகழ்கின்றன. சுழலும் வன்தட்டின் ஒரே முனைத்தொகுதி இவற்றுக்கிடையே அலைகிறது. இத்தாமதம் பெரும்பாலும் தானே தணியும்.

மூன்றாவது, இயக்கி, வரிசைமுறை ஆகியவற்றின் மாற்றம். 2019-இல் வந்த லினக்ஸ் 5.0, பழைய சிஎஃப்கியூ என்னும் வரிசைமுறையை நீக்கியது. அதனிடத்தில் எம்கியூ-டெட்லைன், பிஎஃப்கியூ ஆகியவற்றுள் எது செயல்படுகிறது என்பது சுழலும் வன்தட்டில் உணரத்தக்க வேறுபாட்டைத் தரும்.

நான்காவது, வன்தட்டின் முதுமை. மேம்பாடு வன்தட்டின் பெரும்பகுதியைப் படித்தும் எழுதியும் செல்வதால், முன்பே பழுதுற்றிருந்த செக்டார்கள் அப்போது வெளிப்படலாம். பழி இயங்குதளத்தின்மீது விழுகிறது.

6. தமிழ்த் தரவும் எழுதுவேகமும்

ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்கிறது. 'கா' என்பது 6 பைட். தமிழ்க் கோப்புகள் மெதுவாகப் பதிவதற்கு இதுவே காரணம் எனக் கருதுவது பொருந்தாது. ஒரு லட்சம் உயிர்மெய்கள் கொண்ட உரை ஏறத்தாழ 6 லட்சம் பைட் அளவே. தொடர்ச்சியாக எழுதுகையில் வன்தட்டு நொடிக்குப் பல கோடி பைட் எழுதவல்லது.

செலவு பைட்டுகளில் இல்லை. உறுதிப்பாடுகளின் எண்ணிக்கையில் உள்ளது. தகடூர் எனப் பழம்பெயர் கொண்ட தருமபுரிப் பகுதி நடுகற்கள் மிகுந்தது. நடுகற்களின் ஊர், காலம், வாசகம் ஆகியவற்றை ஒரு தரவுத்தளத்தில் ஆயிரம் பதிவுகளாகச் சேர்ப்பதாகக் கொள்க. ஒவ்வொன்றையும் தனித்தனியே உறுதிசெய்தால் குறைந்தது 11 நொடியும், பதிவுக்கு மூன்று உறுதிப்பாடுகள் எனின் 33 நொடியும் ஆகும். ஆயிரத்தையும் ஒரே பரிமாற்றமாகத் தொகுத்தால் ஒரு நொடிக்குள் முடியலாம். இரண்டிலும் எழுதப்படும் தமிழ் உரை ஒன்றே.

7. கண்டறியும் முறை

சாதாரணமாக ஒரு கோப்பைப் படியெடுத்து அளக்கும் வேகம் இடைநினைவகத்தின் வேகமேயாகும். லினக்ஸில் டிடி கட்டளையுடன் எஃப்டேட்டாசிங்க் விருப்பத்தைச் சேர்த்தால் பரப்பை அடையும் வேகம் தெரியவரும். டிசிங்க் விருப்பத்துடன் ஆயிரம் சிறு பதிவுகளை எழுதிப் பார்த்தல் மேலும் பயன்தரும். 5,400 சுழற்சி வன்தட்டில் இது 11 நொடிக்கு மேல் எடுத்தால் பாதுகாப்பு செயல்படுகிறது எனலாம். ஓரிரு நொடியில் முடிந்தால் உறுதிப்பாடு பொய்யானது. தொடர் எழுத்து வேகமாகவும் சிறு பதிவுகள் மட்டும் மெதுவாகவும் இருந்தால் காரணம் இரண்டாம்வகை. இரண்டுமே மெதுவெனில் முதல்வகைக் காரணங்களை நாடவேண்டும்.

விண்டோஸில் 'கணினித் தகவல்' பகுதி காட்டும் பகிர்வின் தொடக்க எண்ணை 4,096-ஆல் வகுத்து முதற்குறையை அறியலாம். பணி மேலாளர் பின்னணிப் பணிகளைக் காட்டும். வன்தட்டின் ஸ்மார்ட் அறிக்கை, மாற்றியமைக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கையைத் தரும்.

8. தீர்வும் எச்சரிக்கையும்

எக்ஸ்ட்4-இல் பேரியரை நிறுத்துதல், விண்டோஸில் இடைநினைவகத்தைப் பரப்புக்குத் தள்ளும் பணியை நிறுத்துதல் ஆகியன விரைவுத் தீர்வுகளாகப் பரிந்துரைக்கப்படுவதுண்டு. இவை வேகத்தை உடனே மீட்கும். பாதுகாப்பை அந்த அளவுக்கு இழக்கச் செய்யும். 2012-இல் சென்னைக்கு வெளியேயுள்ள மாவட்டங்கள் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டைச் சந்தித்தன. மின்கலம் நலமாயிருக்கும்வரை மடிக்கணினி அதனைத் தாங்கும். மின்கலம் செயலிழந்த பழைய மடிக்கணினியோ மின்சாரம் நின்றவுடன் அணைந்துவிடும். அதில் பேரியரை நிறுத்துவது ஒரு கோப்பை மட்டுமன்றிக் கோப்பு முறைமை முழுவதையும் இடருக்கு உள்ளாக்கும்.

ஆகவே, பகிர்வைச் சீரமைத்தல், பழுதுற்ற வன்தட்டை மாற்றுதல், பதிவுகளைத் தொகுத்து உறுதிசெய்தல் ஆகியவையே ஏற்புடைய தீர்வுகள். சுழற்சி இல்லாத திடநிலை வட்டைப் பொருத்தினால் சுழற்சி விதிக்கும் எல்லையே நீங்கும். எந்தச் சீரமைப்புக்கும் முன்னர்த் தரவைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

9. முடிவுரை

எழுதுவேகக் குறைவு எல்லா நேரங்களிலும் பழுதின் அடையாளம் ஆகாது. பழைய இயங்குதளம் காட்டிய வேகத்தின் ஒரு பகுதி, பதியாத தரவைப் பதிந்ததாக அறிவித்ததால் வந்தது. எனவே 'எவ்வளவு வேகம்' என்று அளக்குமுன் 'தரவு எங்கே சென்றடைந்தது' என்று அறிதல் வேண்டும். குறையால் வரும் தாமதத்தைக் களைந்து, பாதுகாப்பால் வரும் தாமதத்தை ஏற்று, பதிவுகளைத் தொகுத்து எழுதுவதே பழைய கணினிகளில் தமிழ்த் தரவைக் காக்கும் வழியாகும்.