மணச்சீரும் மதுரைச் சுங்குடியும்

மணமகளுக்கு வழங்கும் சீரில் பொன்னும் பட்டுமே முதலிடம் பெறுகின்றன. மணநாளில் ஒரு பொழுது உடுத்திய பட்டு, பின்னர்ப் பெட்டிக்குள் உறங்குகிறது. அதற்கென வாங்கிய கடனோ பெற்றோரை உறங்கவிடுவதில்லை. நெடுங்காலம் பயன்தரும் சீர் யாதென வினவின், நாம் மதுரைச் சுங்குடியையே சுட்டுவோம்.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து மதுரையில் நிலைத்த சௌராஷ்டிர மக்கள் பேணி வளர்த்த கலை இது. வெண்பருத்தித் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சினுள் சாயம் புகாது. அவிழ்த்தபின் அவ்விடங்கள் வெண்புள்ளிகளாய் மலரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இடப்படுவதால் பணி பல நாள் நீளும். 2005இல் இச்சேலை புவிசார் குறியீடு பெற்றது. எனினும், அச்சிட்ட புள்ளிச் சேலைகள் மலிவாகக் கிடைப்பதால் கைமுடிச்சுக் கலைஞர் அருகி வருகின்றனர்.

அச்சுப் புள்ளிகள் யாவும் ஒன்றுபோல் இருக்கும்; கைமுடிச்சுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். இவ்வேறுபாட்டை அறிந்து வாங்குதல் நன்று. முதற்சில முறை தனியே அலசி, நிழலில் உலர்த்துதல் வேண்டும்.

பருத்தியாதலின் மதுரை வெயிலுக்கு இச்சேலை இதமானது. துவைக்கத் துவைக்க மென்மை கூடும். நைந்த பின்னும் பேரக்குழந்தைக்குத் தூளியாகும்.

எனவே, பட்டு ஒன்று போதும். சுங்குடி நான்கு சேரட்டும். பெற்றோருக்குக் கடனின்மையும், முடிச்சிடும் கைகளுக்கு உரிய கூலியும் தருவதே காலங்கடந்து நிற்கும் சீர் என்போம்.