ஈரற்கலத்தின் சிதைவும் மீளுருவாக்கமும்: வெல்ல அனுசேபம் பற்றிய ஒரு குறிப்பு

குருதியிலுள்ள வெல்லத்தின் அளவை நிலையாகப் பேணுதல் ஈரலின் தலையாய தொழில்களுள் ஒன்றாகும். உணவுண்டபின் மிகையாகும் குளுக்கோசை அது கிளைக்கோசனாகச் சேமிக்கின்றது. பட்டினியின்போது மீண்டும் குளுக்கோசாக்கி வெளிவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதனை நிலைநாட்டியவர் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பேர்னாட். நச்சினால் ஈரல் சிதைவுறும்போது இத்தொழிலுக்கு நேர்வது யாது? சிதைந்த ஈரல் தன்னை மீளக் கட்டியெழுப்புங்கால் வெல்லம் எவ்வழியிற் செல்கின்றது? இவ்விரு வினாக்களையும் தொடர்புபடுத்தி நோக்குதல் வேண்டும்.

காபன் நாற்குளோரைட்டை உதாரணமாகக் கொள்வோம். உலர்சலவைத் தொழிலிலும் தீயணைகருவிகளிலும் ஒருகாலத்திற் பெரிதும் பயன்பட்ட திரவம் இது; அதன் ஆவியை நாள்தோறும் சுவாசிக்க நேர்ந்தவர்கள் தொழிலாளரே. ஈரற்கலத்திலுள்ள சைற்றோகுரோம் பி-450 என்னும் நொதியம் இதனை முக்குளோரோமெதைல் மூலிகமாக மாற்றுகின்றது. நஞ்சகற்றும் பொறியே இங்கு நஞ்சைக் கூர்மையாக்குகின்றது. அம்மூலிகம் அகமுதலுருச் சிறுவலையின் மென்சவ்வைச் சிதைக்கின்றது. குளுக்கோசைக் குருதிக்கு விடுவிக்கும் இறுதிப்படியை நிகழ்த்தும் குளுக்கோசு-6-பொசுபற்றேசு அம்மென்சவ்விலேயே பதிந்துள்ளது. எனவே சவ்வு குலைய, நொதியத்தின் தொழிற்பாடும் குன்றுகின்றது. கிளைக்கோசன் இருப்பும் அருகுகின்றது.

ஆயினும் சிதைவுடன் கதை முடிவதில்லை. எலியின் ஈரலில் மூன்றிலிரண்டு பங்கை அகற்றினாலும் எஞ்சிய பங்கு வளர்ந்து இழந்த நிறையை ஈடுசெய்வதை ஹிகின்சும் அன்டர்சனும் 1931 இல் விவரித்தனர். நச்சூட்டத்தின் பின்னரும் எஞ்சிய கலங்கள் பிரிவடைகின்றன. பிரியும் கலத்துக்குப் புதிய நியூக்கிளிக்கமிலமும் புதிய மென்சவ்வும் தேவை. இத்தேவைக்கேற்பக் குளுக்கோசு-6-பொசுபேற்றின் ஒரு பங்கு பென்டோசு பொசுபேற்றுப் பாதையிற் செல்கின்றது. அப்பாதை நியூக்கிளிக்கமிலத்துக்கு வேண்டிய இரைபோசையும், கொழுப்புத் தொகுப்புக்கு வேண்டிய தாழ்த்தும் வலுவையும் அளிக்கின்றது. முன்னர் உடலுக்கென வழங்கப்பட்ட பொருள் இப்போது கலத்தின் சொந்த ஆக்கத்துக்கு உதவுகின்றது. இவ்வியல்புகள் சில புற்றுக்கலங்களிலும் காணப்படுவன. ஆனால் மீளுருவாகும் ஈரல் உரிய நிறையை எய்தியதும் கலப்பிரிவு ஓய்ந்து, பழைய தொழில் மீள்கின்றது.

இது வெறும் ஆய்வுகூட ஆர்வத்துக்குரிய செய்தியன்று. பரசிற்றமோலை அளவுமீறி உட்கொண்டு ஈரல் செயலிழந்தவரின் குருதிவெல்லம் ஆபத்தான அளவுக்கு வீழலாம். மூளை வெல்லத்தையே பெரிதும் நம்பியிருப்பதால் உயிருக்கே ஆபத்தாகும். ஆதலின் மருத்துவர் குருதிவெல்லத்தை அடிக்கடி அளந்து, நாளம்வழி குளுக்கோசு ஊட்டுகின்றனர். மறுபுறம், ஈரலின் ஒரு பகுதி அகற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு மேலதிகக் குளுக்கோசு வழங்கியபோது மீளுருவாக்கம் தாமதித்தது. உடலின் உடனடித் தேவையும் உறுப்பின் மீட்சியும் ஒரே வெல்லத்துக்காகப் போட்டியிடுகின்றன; இம்முரணை உணர்ந்து அளவறிந்து ஊட்டுவதே சிகிச்சையின் நுட்பம்.