ஒரு காஸ்பர் போதாது!



எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு நாட்டில் 2007-ல் இல்மார் ராக் இயக்கிய படம் 'கிளாஸ்'. நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஏழு நாள் கதை. யோசெப் என்ற சாதுவான பையனை ஆண்டர்ஸின் கூட்டம் தினமும் அடித்து அவமானப்படுத்துகிறது. அதே கூட்டத்தில் இருந்த காஸ்பர் ஒருநாள், "போதும், விடுங்கடா" என்று குறுக்கே நிற்கிறான். அவ்வளவுதான்! அடி இப்போது இரண்டு பேருக்கும். அப்பாவோ "திருப்பி அடி" என்கிறார். பள்ளிக்குப் புகார் போனதும் கொடுமை கூடுகிறது. கடைசியில் இருவரும் துப்பாக்கியோடு பள்ளிக்குள் நுழைகிறார்கள்.

படம் அதை நியாயப்படுத்தவில்லை. அந்த இடத்துக்கு எப்படி வந்தார்கள் என்று படிப்படியாகக் காட்டுகிறது. கூட இருந்து சிரித்தவர்களும், நமக்கென்ன என்று இருந்தவர்களும்தான் ஆண்டர்ஸுக்குப் பலம்.

முதலாண்டில் எங்கள் அறைப் பையன் ஒருவனை எல்லோரும் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். 'சும்மா தமாஷுக்குத்தானே' என்று நினைத்தேன். பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. படம் முடிந்தபோது அவன் முகம்தான் கண்ணில் நின்றது.

தனியாகத் தடுத்த காஸ்பரும் அடிபட்டான். நாலு பேர் சேர்ந்து தடுத்திருந்தால்? அந்த நாலு பேரில் ஒருவனாக இருப்போமே!