எரிபந்த நோயும் நெல்லினத்தின் எதிர்ப்புச் சக்தியும்

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் எரிபந்தம் மிகக் கொடியது. இலைகளில் இரு முனையும் கூரான புள்ளிகள் தோன்றும். அவற்றின் நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் கபில நிறமாகவும் இருக்கும். நோய் கதிரின் கழுத்தைப் பற்றினால் மணிகள் முற்றாது பதராகிவிடும்.

நோயைத் தாங்கும் இனத்தை விதைப்பதே செலவு குறைந்த பாதுகாப்பாகும். ஆயினும் சில ஆண்டுகள் நோயின்றி விளைந்த இனமே பின்னொரு போகத்தில் எரிந்துபோவதுண்டு. விதை கெட்டுவிட்டது எனக் கமக்காரர் எண்ணுவர். பெரும்பாலும் மாறியது விதையன்று. நோயை உண்டாக்கும் பங்கசே மாறிவிடுகின்றது.

நெல்லைப் போலவே பங்கசும் பரம்பரையலகுகளை உடையது. பயிரில் எதிர்ப்பைத் தரும் ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் ஒத்த ஒன்று பங்கசிலும் உண்டென்பதை, ஆளிப்பயிரின் துரு நோயை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி புளோர் 1940களில் எடுத்துக்காட்டினார். எரிபந்தத்திலும் இவ்விதி பொருந்துவது பின்னர் அறியப்பட்டது. பங்கசு வெளிவிடும் ஒரு புரதத்தைப் பயிர் இனங்கண்டுகொண்டால், தாக்கப்பட்ட இடத்துக் கலங்கள் தாமே மடிந்து நோய் பரவாது தடுக்கும். காவற்காரன் கள்வனை நெற்றித் தழும்பால் அறிவது போன்றது இது. தழும்பற்ற கள்வன் வந்தால் காவற்காரன் அறியான்.

இலையிலுள்ள ஒரு புள்ளி ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வித்திகளை விடும். கோடிக்கணக்கான வித்திகளுள் எங்கோ ஒன்றில் அந்தப் பரம்பரையலகு மாறியோ அழிந்தோ இருக்கலாம். வெளி முழுவதும் ஒரே இனம் நின்றால், அந்த ஒரு வித்தியின் சந்ததியே தடையின்றிப் பெருகும்.

தென் கொரியாவில் 1972 முதல் பரப்பப்பட்ட தொங்கில் இனம் எரிபந்தத்தைத் தாங்கி மிகுந்த விளைவைத் தந்தது. அதனை வெல்லும் பங்கசு வகைகள் பெருகியமையால் 1978 இல் அவ்வயல்களை எரிபந்தம் வாட்டியது.

ஆகவே கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு வெளி முழுவதும் ஒரே இனத்தைப் போகந்தோறும் விதைத்தலாகாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அயலவருடன் கலந்து இனங்களைத் தெரிதல் நன்று.

2. யூரியாவை விதந்துரைத்த அளவுக்கு மேல் இடலாகாது. மிகையாகத் தழைத்த பயிரை நோய் எளிதில் பற்றும்.

3. வயலில் நீர் வற்றவிடலாகாது.

4. நோயுற்ற வயலின் நெல்லை விதைநெல்லாக வைத்தலாகாது.

5. எதிர்ப்புள்ள இனமாயினும், பனி மிகுந்த நாட்களில் இலைகளை அடிக்கடி பார்வையிடல் வேண்டும். புள்ளி கண்டதும் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும்.

எதிர்ப்புச் சக்தி நெல்லுக்கு வாய்த்த நல்ல காவல். ஆனால் நிரந்தரக் காவலன்று. கமக்காரர் காலத்தில் தரும் தகவல் தம் வயலைக் காப்பதோடு, அடுத்த புதிய இனத்தை உருவாக்குவோருக்கும் வழிகாட்டும்.